நாலு குளம்புக்கும் எலுமிச்சம்பழம்

பிஸ்கட்டின் முன்னங்கால் இரண்டுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பின்னங்காலுக்கு வைக்க யாருக்கும் தைரியம் இல்லை.

"பாய், நீங்களே வெச்சுருங்க," என்றார் சுமதி அம்மா.

வைத்தேன். குதிரைக் குளம்புக்கு அடியில் பழம் வைக்க முடியாது. கார் டயருக்கு வைக்கிற மாதிரி இல்லை. காலை எடுத்து வேறு இடத்தில் வைத்துக்கொள்ளும். அதனால் காலுக்கு முன்னால் தரையில் வைத்தேன்.

"நடக்கறப்போ நாலும் நசுங்கோணுமுங்க."

"அது மிதிக்கிற இடத்துலதாம்மா மிதிக்கும்."

"நீங்க சொன்னா கேக்குமுங்க."

நான் பிஸ்கட்டைப் பார்த்தேன். அது பழத்தை முகர்ந்துகொண்டிருந்தது.

ஹூஸ்டன் பக்கத்தில், கேட்டி ஊருக்கு மேற்கே, வீடுகள் முடிந்து வெட்டவெளி தொடங்குகிற இடத்தில் இருந்தது எங்கள் லாயம். பெரிய புயல் வருகிறது என்று ஹூஸ்டனே காரை எடுத்துக்கொண்டு கிளம்பி ஃப்ரீவேயில் மாட்டிக்கொண்டதே, அதற்கு அடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். அதற்கும் அடுத்ததாகக்கூட இருக்கலாம். ஆயுத பூஜை நடுவாரத்தில் வந்திருந்தது. ஆனால் அங்கே எல்லாப் பண்டிகையும் சனிக்கிழமைதான் வரும்.

வெயில் ஏறாத காலை. ஈரப் புல், சாணம், அதற்கு மேல் ஊதுவத்தி. மூன்றும் சேர்ந்த வாசனை எனக்கு விநோதமாக இருந்தது. பிஸ்கட்டுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இரண்டு தடவை தும்மியது.

அன்று நடந்தது எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. நடந்த வரிசையில் சொல்கிறேன்.

டீசல் போட வந்தவர்

அக்கா வீட்டுக்காரரின் பெட்ரோல் பங்க் கடையில் நின்றதைப் போன வாரம் எழுதினேன். குதிரைக்கு அங்கிருந்துதான் போனேன்.

டோனா என்ற வெள்ளைக்கார அம்மா டீசல் போட வருவார். அறுபது வயதிருக்கும். ஒரு நாள் அவர் வண்டிக்குப் பின்னால் குதிரை ஏற்றும் இழுவை வண்டி இருந்தது. உள்ளே குதிரை உதைத்துக்கொண்டிருந்தது. போய் எட்டிப் பார்த்தேன். கட்டின கயிறு ரொம்ப நீளம். காலில் சுற்றிக்கொண்டிருந்தது. கையைக் காட்டினேன். அவிழ்த்துக் கட்டினார்.

குதிரை தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த வாரம் அவர் லாயத்தில் சாணம் அள்ளினேன்.

சாணம் அள்ளுவது எனக்குப் புதிதில்லை. மெட்ராஸில் ரேஸ் குதிரை லாயத்தில்தான் பிறந்து வளர்ந்தேன். அத்தா அங்கே குதிரை பார்த்துக்கொள்ளும் வேலை. ஐந்தாம் வகுப்போடு நானும் அதே வேலைக்கு வந்துவிட்டேன்.

லாயத்தில் நான் தமிழ் பேசுவது முதலில் ஒரு குடும்பத்துக்குத் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை ஐந்து கார் வந்தது. அதில் வந்த குழந்தைகளுக்குப் பாட்டு, பரதம், கணக்கு, நீச்சல் எல்லாம் ஏற்கெனவே இருந்தது. நடுவில் ஒரு மணி நேரம் காலி. அதில் குதிரை.

டோனா என்னைக் கூப்பிட்டார். புதுக் குழந்தைகளை நீ பார்த்துக்கொள் என்றார்.

எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்றேன்.

யாருக்குத்தான் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கயிறு

அங்கே சின்னப் பிள்ளைகளைக் கயிற்றில் ஆரம்பிப்பார்கள். கயிற்றின் ஒரு முனை குதிரையின் முகப்பட்டையில். மறுமுனை என் கையில். நான் நடுவில் நிற்பேன். குதிரை என்னைச் சுற்றி வட்டம் போடும். பிள்ளை மேலே உட்கார்ந்திருக்கும். குதிரையை நான் பார்த்துக்கொள்வேன், தன்னைத் தானே பார்த்துக்கொள்வது மட்டும் பிள்ளையின் வேலை.

நிமிர்ந்து உட்கார வந்துவிட்டால் கயிற்றைக் கழற்றிவிடுவோம். அதோடு என் வேலை முடிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய திடல். அங்கே டோனா வகுப்பு. அங்கே வேறு குதிரைகள். பிஸ்கட் கயிற்றுக் குதிரை. என்னோடுதான் இருக்கும். பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளை, வயசு ஏறியது. வருஷக்கணக்காக வட்டம் போட்ட குதிரை.

நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. "குதிகால் கீழே" என்பேன். "முன்னால பாரு" என்பேன். "மூச்சு விடு" என்பேன். பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். "ஓகே அங்கிள்." அதற்கு மேல் அவர்களுக்கும் எனக்கும் பேச்சு இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

பெற்றவர்கள்தான் பேசுவார்கள். வேலியில் சாய்ந்துகொண்டு.

"பாய், இது எத்தனை வாரத்துல முடியும்?" என்று ஒருவர் கேட்டார்.

"எது சார்?"

"இந்தக் குதிரை."

"முடியாது சார்."

"ஒரு ஆறு மாசம் வெச்சுக்கலாமா?"

"எதுக்கு சார்?"

"இல்ல, அடுத்து வயலின் சேக்கணும். அதான் பிளான் பண்ணலாம்னு."

வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஏழு வயதில் அத்தா என்னைத் தூக்கிச் சேணம் இல்லாத குதிரை மேல் வைத்துவிட்டு, பீடி பற்ற வைக்கப் போனார். அவர் திரும்பி வந்தபோது நான் கீழே கிடந்தேன். மறுபடியும் தூக்கி வைத்தார். இதை கேட்டியில் எந்தப் பிள்ளைக்கும் செய்ய முடியாது. செய்யவும் கூடாது. அதனால் வேறு என்ன செய்வது என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் யோசிப்பேன்.

அபி

சுமதி அம்மாவின் மகள் அபிநயா. அபி என்று கூப்பிடுவார்கள். எட்டு வயது, கேட்டியில் பிறந்தவள். அப்பா செந்தில் சார் ஆயில் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் ஈரோடு பக்கம்.

என்னிடம் வந்த பிள்ளைகளில் அபி மாதிரி உட்கார்ந்தவர்கள் இல்லை. மூன்றாம் வாரமே முதுகு நேராக வந்துவிட்டது. பிஸ்கட் ஓட்டமாகப் போனாலும் அதோடு சேர்ந்து எழுந்து உட்காருவாள். கை ஆடாது.

ஆனால் கயிற்றை விடமாட்டாள்.

"கழட்டிடலாமா அபி?" என்று கேட்பேன்.

"நோ அங்கிள். டோன்ட் லெட் கோ."

"அடுத்த வாரம்?"

"மேபி."

அவளுக்குப் பிறகு வந்த பிள்ளைகள் கயிற்றைக் கழற்றிக்கொண்டு திடலுக்குப் போனார்கள். எட்டு மாதம் ஆகியும் இவள் வட்டத்திலேயே இருந்தாள்.

பயம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பயந்த பிள்ளையை எனக்குத் தெரியும். குதிரை காதை அசைத்தால் போதும், அதற்குத் தோள் மேலே ஏறும். அபிக்கு அப்படி இல்லை. பிஸ்கட்டின் வயிற்றுக்கு அடியில் குனிந்து போவாள். அதன் வாய்க்குள் கையை விட்டுக் கேரட் கொடுப்பாள். கயிறு என்றால் மட்டும் "நோ." இது என்ன பயம் என்று எனக்கு விளங்கவில்லை.

சுமதி அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"திருஷ்டிங்க பாய். அவ நல்லா உக்கார்றான்னு ஆளாளுக்குச் சொல்லிப்போட்டாங்க."

செந்தில் சார் சிரித்தார். "குதிரைக்கு ஒரு பூஜை போட்டுட்டா அவளுக்கும் தைரியம் வந்துரும்கறா. வண்டி எடுத்தாப் போடறோமில்ல, அதாட்டம்."

வண்டி பூஜையை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு முறை பேர்லேண்ட் ஊர்க் கோயிலுக்கு வேனில் ஆட்களை இறக்கப் போனேன். பார்க்கிங்கில் புதுக் கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம். முன்கண்ணாடியில் சந்தனம், குங்குமம். வண்டிக்காரர் நசுக்கிக்கொண்டு முன்னால் போவார். எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும்.

குதிரைக்குச் செய்தால் என்ன என்று நானும் நினைத்தேன். மெட்ராஸ் லாயத்திலும் ஆயுத பூஜை உண்டு. குதிரைகளுக்குச் சாமந்தி மாலை போடுவார்கள். அத்தா மாலை போடமாட்டார், பொட்டு வைக்கமாட்டார். ஆனால் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். இரண்டு நாளைக்கு எங்கள் வீட்டில் பொரி இருக்கும்.

டோனாவிடம் கேட்டேன். குதிரைக்குப் பிடித்தால் சரி என்றார்.

சிரித்த குதிரை

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வருகிறேன்.

பழம் வைத்துவிட்டேன். சுமதி அம்மா சந்தனத்தைக் குழைத்து பிஸ்கட்டின் நெற்றியில் வைத்தார். அபி சவாரி ஹெல்மெட்டோடு பிஸ்கட்டின் தலைப்பக்கம் நின்று முகப்பட்டையைப் பிடித்திருந்தாள். மாலை இன்னும் காரில் இருந்தது. எடுத்து வருகிறேன் என்று செந்தில் சார் போனார். சேணம் எடுத்து வர நான் உள்ளே போனேன்.

சேணத்தோடு திரும்பும்போது சிரிப்புச் சத்தம். பிஸ்கட் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கடித்துவிட்டது. புளிப்பு தாங்காமல் மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு, பல்லைக் காட்டி, தலையை வானத்துக்குத் தூக்கியது. குதிரைகள் அப்படிச் செய்யும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பது போல இருக்கும்.

"ஏங்க, போட்டோ எடுங்க, போட்டோ எடுங்க. பிஸ்கட் சிரிக்குது."

செந்தில் சார் கேமராவில் எடுத்துக்கொண்டே இருந்தார். சுமதி அம்மா அந்தச் சின்னத் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

நான் மாலையைப் பார்த்தேன். சிவப்பு. கழுத்தில் தொங்கியது. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. பிஸ்கட் எதையோ மென்றுகொண்டிருந்தது.

சேணத்தைக் கீழே போட்டுவிட்டு மாலையைக் கழற்றினேன்.

"அரளியாம்மா இது?"

"ஆமாங்க. செவ்வரளி. எங்க பேக்யார்ட்ல வேலி பூரா பூத்துக் கெடக்குதுங்க. நேத்து ஒக்காந்து கட்டுனேன்."

"அரளி குதிரைக்கு ஆவாதும்மா. விஷம்."

"அம்மனுக்குப் போடறதுதானுங்க பாய்."

"அம்மன் மெல்லாதும்மா. இது மெல்லும்."

சுமதி அம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. அந்தச் செடி விஷம் என்று அவருக்கும் தெரியும். நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது. மாலையாகக் கட்டினால் அது பூ. அந்த இரண்டையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை.

பிஸ்கட்டின் வாய்க்குள் விரலை விட்டேன். எலுமிச்சைத் தோல் வந்தது. பொரி வந்தது. பொரியை யார் கொடுத்தது என்று கேட்டேன். எல்லோரும் கொடுத்திருந்தார்கள். நாக்கில் சிவப்பு இருந்தது. குங்குமமாகவும் இருக்கலாம்.

எத்தனை முழம்

டோனாவைக் கூப்பிட்டேன். ஒரு பூவை எடுத்துப் பார்த்தார். உடனே போனை எடுத்தார். டெக்சாஸில் குதிரை வைத்திருக்கிற எவருக்கும் அந்தப் பூவைத் தெரியும். ஃப்ரீவே ஓரமெல்லாம் அதுதான்.

குதிரை டாக்டர் போனிலேயே ஒரு கேள்வி கேட்டார். எவ்வளவு தின்றது?

ஒருவருக்கும் தெரியவில்லை.

"நாலு முழம் கட்டுனேனுங்க," என்றார் சுமதி அம்மா.

செந்தில் சார் மாலையை எடுத்துத் தன் கையால் அளந்தார். மூன்று முழமும் கொஞ்சமும் இருந்தது.

"உங்க கையில அளந்தா எப்பிடிங்க? கட்டுனது நானு. என்ற கைதானுங்க கணக்கு."

அவர் அளந்தார். மூன்றரை வந்தது. மறுபடியும் அளந்தார். நாலுக்குப் பக்கமாக வந்தது.

"சுமதி, ஒண்ணாச் சொல்லு. டாக்டர் லைன்ல இருக்காங்க."

"எனக்குத் தெரியலீங்க. ஒரு கைக்கு ஒரு மாதிரி வருதுங்க."

செந்தில் சார் கேமராவைப் பார்த்தார். படத்தை முன்னும் பின்னும் தள்ளினார். ஒரு படத்தில் மாலை இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. அடுத்த படத்தில் பிஸ்கட் சிரிக்கிறது, மாலையே தெரியவில்லை. அதற்கடுத்ததில் ஒரு பக்கம் குட்டை. நடுவில் என்ன நடந்தது என்று எந்தப் படத்திலும் இல்லை.

"அபி, நீ பக்கத்துல நின்னியே. பிஸ்கட் பூவைத் தின்னுச்சா?" என்று கேட்டார்.

அபி பிஸ்கட்டின் முகப்பட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஐ டோன்ட் நோ," என்றாள்.

டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். மூக்கு வழியாகக் குழாய் விட்டார். ஒரு வாளி நிறையக் கரித் தண்ணீர். கன்னங்கரேலென்று. அது வயிற்றுக்குள் போனால் விஷத்தை உறிஞ்சிக்கொள்ளுமாம். பிஸ்கட் அசையாமல் நின்றது. நெற்றியில் சந்தனப் பொட்டு இருந்தது. மூக்கிலிருந்து கறுப்பாக ஒழுகியது.

சுமதி அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மாரியாத்தா, மாரியாத்தா," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

டோனா தரையில் கிடந்த பழத்தைக் காலால் தள்ளினார். இது எதற்கு என்று செந்தில் சாரிடம் கேட்டார்.

செந்தில் சார் குனிந்து பழத்தை எடுத்தார்.

"ஃபார் சேஃப்டி," என்றார்.

டோனா தலையாட்டினார்.

ஹெல்மெட்

இனிக் காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். தின்றிருந்தால் சாயங்காலத்துக்குள் தெரியும். வயிறு முறுக்கும். காது சில்லிடும். இதயம் தாறுமாறாக அடிக்கும். நின்றும் போகலாம்.

மற்ற வகுப்புகளை டோனா நிறுத்திவிட்டார். அபி குடும்பத்தை வீட்டுக்குப் போகச் சொன்னார். அவர்கள் போகவில்லை. வெயில் ஏறியது. சுண்டல் டப்பா வேலிக்கட்டை மேல் அப்படியே இருந்தது. நடுவில் டோனா வந்து ஒரு கை அள்ளித் தின்றார். நன்றாக இருக்கிறது என்று சுமதி அம்மாவிடம் சொன்னார். அதைக் கேட்டுத்தான் சுமதி அம்மா அழுதார். ஏன் என்று செந்தில் சாருக்கும் தெரியவில்லை.

"அம்மிணி, அந்த ஹெல்மெட்டையாச்சும் கழட்டு. வேர்த்து ஊத்துது பாரு," என்றார் செந்தில் சார்.

அபி தலையை ஆட்டினாள். கழற்றவில்லை.

நான் பிஸ்கட்டின் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சமயம் சில்லென்று இருந்தது. ஒரு சமயம் சூடாக இருந்தது. என் கைதான் சரியில்லையோ என்று நினைத்தேன்.

காய்ந்த புல் எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். அபி பின்னாலேயே வந்தாள். புல்லுக்கட்டுக்குப் பின்னால் நின்று ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

உள்ளே மாலையின் ஒரு முனை. அரை முழத்துக்கு மேல் இருக்கும். வேர்வையில் நனைந்து, நசுங்கி, தலைமுடியோடு ஒட்டியிருந்தது.

"ஹி வாஸ் புல்லிங் இட். ஐ புல்ட் பேக்."

பிஸ்கட் இழுத்திருக்கிறது. இவளும் இழுத்திருக்கிறாள். அறுந்துவிட்டது.

"வாயிலேர்ந்து புடுங்கினியா?"

தலையாட்டினாள்.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"அம்மா வில் பி மேட். இட்ஸ் காட்ஸ் ஃப்ளவர்."

சாமி மாலையை அறுத்துவிட்டாள். அதற்குத் திட்டு விழும் என்று ஒளித்துவைத்திருக்கிறாள். அப்புறம் டாக்டர், குழாய், கரித் தண்ணீர் என்று பெரிதாகப் போனதும் வாய் வரவில்லை.

நான் பூவை ஒரு கோணியில் வாங்கிக்கொண்டேன். கொட்டகைக் குழாயைத் திறந்து அவள் கையையும் தலையையும் நன்றாகக் கழுவிவிட்டேன். நீ ஒன்றும் வாயில் வைக்கவில்லையே என்று கேட்டேன். "ஈவ்," என்றாள். வைக்கவில்லை என்று அர்த்தம்.

தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று கேட்டாள்.

"அங்கிள், இஃப் நோ ரோப், நோ பிஸ்கட். ரைட்?"

எனக்கு முதலில் புரியவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக வைத்துப் பார்த்தேன். கயிறு இல்லை என்றால் பிஸ்கட் இல்லை.

எட்டு மாதம் நாங்கள் அவளிடம் விழுவாய் என்று நினைக்காதே, பயப்படாதே என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அவள் விழுவதைப் பற்றி நினைக்கவே இல்லை. கயிறு கழன்றால் வேலிக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். அங்கே பிஸ்கட் வராது. இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நான்தான் வாரா வாரம் அவளிடம் கழட்டிடலாமா என்று கேட்டேன். ஏன் வேண்டாம் என்று ஒரு முறையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை.

"ஆமாம்மா. அப்படித்தான்," என்றேன்.

ஒன்றைக் காணோம்

பூவைக் கொண்டுபோய் டாக்டரிடம் கொடுத்தேன். அவர் மாலையின் அறுந்த முனையையும் இதையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். சேர்ந்தது.

சுமதி அம்மா உட்கார்ந்து அளந்தார்.

"நாலு முழமுங்க. சரியா நாலு. பிஸ்கட் தின்னுல."

டாக்டர் நூலைத் தூக்கிக் காட்டினார். சில இடத்தில் முடிச்சு மட்டும் இருந்தது. பூ இல்லை. அது உதிர்ந்து மண்ணில் விழுந்ததா, ஹெல்மெட்டுக்குள் நசுங்கிப் போனதா, பிஸ்கட் வயிற்றில் இருக்கிறதா? நானும் செந்தில் சாரும் மண்ணைத் துழாவினோம். சில பூ கிடைத்தது. எத்தனை கிடைக்க வேண்டும் என்று தெரியாததால் போதுமா என்றும் தெரியவில்லை.

சுமதி அம்மா அபியை ஒன்றும் சொல்லவில்லை. ஈரத் தலையைத் தன் முந்தானையால் துடைத்தார். "வாய்க்குள்ள கைய உட்டியா சாமி. கடிச்சிருந்தா?" என்று மட்டும் கேட்டார்.

வெயில் இறங்கும் நேரத்தில் பிஸ்கட் சாணம் போட்டது. தார் மாதிரி கறுப்பு. டாக்டர் சிரித்தார். டோனா என் தோளில் தட்டினார். சாணத்துக்கு இத்தனை பேர் சந்தோஷப்பட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு டாக்டர் இன்னொரு முறை இதயத்தைக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டினார்.

டக். டக். டக். அப்புறம் ஒன்றைக் காணோம். பிறகு டக்.

"பூவாலயா?" என்று கேட்டேன்.

இருக்கலாம் என்றார். வயசாலும் இருக்கலாம். இதற்கு முன் யாராவது கேட்டிருக்கிறீர்களா என்று டோனாவிடம் கேட்டார். யாரும் கேட்டதில்லை. நன்றாக இருக்கிற குதிரையின் இதயத்தை யார் கேட்கப் போகிறார்கள்.

படித்தவர் அவர். அவருக்கே தெரியவில்லை என்றதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

எப்படி இருந்தாலும் இனி பிஸ்கட் மேல் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம் என்றார்.

அபி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த இங்கிலீஷ் என்னைவிட நன்றாகப் புரிந்திருக்கும்.

வட்டம்

இரண்டு மூன்று வாரம் அவர்கள் வரவில்லை. இனி வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை கார் வந்து நின்றது. சுமதி அம்மா ஒரு பை நிறையக் கேரட்டோடு இறங்கினார்.

"மூணு தரம் கழுவிட்டேனுங்க பாய். கேரட்டுதான். வேற ஒண்ணுமில்லீங்க."

அபி நேராக டோனாவிடம் போனாள். திடலில் ரஸ்டி என்று ஒரு செம்மண் நிறக் குதிரை நின்றது. யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளே ஏறினாள். கயிறு வேண்டுமா என்று டோனா கேட்டார். வேண்டாம் என்றாள்.

ஒரு சுற்றுப் போனாள். முதுகு நேராக இருந்தது. கை ஆடவில்லை. இரண்டாவது சுற்றில் ஓட்டமாகப் போனாள். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, பயமும் இல்லை. வேலைக்குப் போகிறவர் முகம் மாதிரி இருந்தது.

சுமதி அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"பாத்தீங்களா பாய்? பூஜை பலிச்சிருச்சுங்க."

நான் அவரைப் பார்த்தேன். கொட்டகையில் அபி கேட்டதை அவள் சொல்லவில்லை போலிருக்கிறது. நானும் சொல்லவில்லை. அதோடு, அவர் சொல்வது தப்பு என்று என்னால் அடித்துச் சொல்லவும் முடியவில்லை. பூஜை போட்டார்கள். கயிறு கழன்றது. நடுவில் நடந்ததுதான் குழப்பம்.

பிஸ்கட்டைப் பின்பக்கப் புல்வெளியில் விட்டிருந்தோம். கடிவாளம் இல்லை, கயிறு இல்லை. வேலி எங்கோ தூரத்தில் இருந்தது. விருப்பப்பட்ட பக்கம் போகலாம்.

கேரட் பையை எடுத்துக்கொண்டு அங்கே போனேன்.

பிஸ்கட் புல் மேயவில்லை. திடலில் ரஸ்டியின் குளம்புச் சத்தம் கேட்கிற பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு நடந்துகொண்டிருந்தது. நேராக நடக்கவில்லை. வட்டமாக. என் கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு அகலத்துக்கு. புல் ஏற்கெனவே கொஞ்சம் படுத்திருந்தது. அன்றைக்கு மட்டும் போட்ட வட்டமாகத் தெரியவில்லை.

கூப்பிட்டேன். கேரட்டைக் காட்டினேன். வரவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. என் கை இரண்டும் சும்மா இருந்தது.

போய் நடுவில் நின்றுகொண்டேன்.